இயந்திரத்தின் திணை: அறிவியல் புனைகதைகளைப் படித்த ஒருவரின் கருத்துகள்

1.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர் நூல் வடிவம் பெற்றது. அதன் கதையைப் பற்றியும் அதில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயைப் பற்றியும் பலரும் பேசியுள்ளனர். தலைப்பின் இலக்கணத்தைப் பற்றி எவரும் விரிவாகப் பேசியதாக இக்கட்டுரையாளர் கண்டதில்லை.

‘இயந்திரம்’ என்பது மகர ஈற்று அஃறிணைப் பெயர். அதனை விளித்தால் ‘இயந்திரமே’ என்று ஏகாரம் பெறும். உள்ளம் ‘உள்ளமே’ என்றும் தெய்வம் ‘தெய்வமே’ என்றும் விளியேற்பதைப் போல. ‘இயந்திரா’ என்னும் வடிவமோ னகர ஈறு கெட்டு ஆகாரம் பெற்ற விளியாகும். நண்பன் – நண்பா, மன்னன் – மன்னா, கண்ணன் – கண்ணா என்னும் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது அது. எனவே அகராதியில் அன்று இடம்பெறாத ‘இயந்திரன்’ என்னும் ஆண்பாற்பெயர் ஒன்றை இத்தலைப்பு தனக்குள் ஒளித்துவைத்திருக்கிறது. ஒளிந்திருந்த அப்பெயர் 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படத்தில் வெளிப்படையாக வந்து நின்றது. அப்படத்தின் உரையாடலில் பங்குகொண்ட சுஜாதா, படம் வெளிவருவதற்கு முன்பே 2008இல் காலமானார்.

இது ஓசை நயத்துக்காக நேர்ந்ததே அன்றி இலக்கணக் கருத்து எதுவும் இதில் இல்லை எனச் சிலர் கூறலாம். ஓசைக்காகவே நேர்ந்தது என்று கொண்டாலும் விளைவு மாறாது. படிப்பவர் அத்தலைப்பைக் கேட்ட கணத்தில் ஒரு பொருளைக் கூப்பிடுவதாக உணர்வதில்லை. ஒருவனைக் கூப்பிடுவதாகவே உணர்கிறார். நாவல் முழுவதும் ஆசிரியர் கேட்க விரும்பிய வினாவைத் தலைப்பின் ஈறு முன்கூட்டியே கேட்டுவிடுகிறது.

அறிவியல் புனைகதைகளை மதிப்பிடுவோர் அவற்றிலுள்ள அறிவியல் சரியா, பிழையா என்பதையே பெரிதும் நோக்குகின்றனர். அல்லது ஆங்கில மூலங்களோடு ஒப்பிட்டுக் கடன் கணக்குப் பார்க்கின்றனர். இவ்விரண்டும் எனக்குக் குறைந்த ஈடுபாட்டையே தருகின்றன. தமிழ்மொழி ஒவ்வொரு வினைமுற்றிலும் திணையைக் கேட்கும் மொழி. பேசவும் சிந்திக்கவும் வல்ல ஒரு கருவியைப் பற்றிக் கதை எழுதுபவர் இங்கு அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஆங்கிலத்தில் எழுதுபவர் ‘ரோபோ சொன்ன’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். தமிழில் எழுதுபவர் ‘சொன்னது’ என்றோ ‘சொன்னான்’ என்றோ முடித்தாக வேண்டும். அம்முடிவை யார் யார் எவ்வாறு எடுத்தனர் என்பதைக் கொண்டு நான் படித்த சில நூல்களைப் பற்றிய என் கருத்துகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2.

உயர்திணை என்பதைத் தொல்காப்பியர் மக்கள் என்னும் சுட்டோடு பொருத்தினார். எனினும் அவரே தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென ஈறு இல்லை என்றும், அவை உயர்திணை ஈறுகளை ஏற்றே பால் காட்டும் என்றும் கூறியிருப்பது இங்கு நோக்கத்தக்கது. மக்கள் அல்லாத ஒன்று மக்களின் ஈற்றை இரவல் வாங்கிக்கொள்ள இலக்கணம் அன்றே வழிவிட்டது. நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டார். ஆகவே உயர்திணையின் எல்லை ஒருமுறையேனும் விரிந்திருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமற்றது. மீண்டும் அது விரியலாகாது என்பதற்கு இலக்கணத்தில் தடையேதும் இல்லை.

இன்னொரு வேறுபாடு எனக்கு மிகுந்த வியப்பை அளிப்பது. தொல்காப்பியர் தன்மை வினைமுற்றுகளை உயர்திணை வினைகளோடு வைத்து ஓதினார்; முன்னிலையை இரு திணைக்கும் பொதுவாக்கினார். நன்னூலாரோ தன்மை ஒருமையையும் இரு திணைக்கும் உரியதாகவே கொண்டார். இவ்விரு கருத்துகளையும் அறிவியல் புனைகதையின் வாயிலில் நிறுத்திப் பார்ப்போம். ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளும் இயந்திரம் ஒன்று கதையில் வருகிறது. தொல்காப்பிய நெறிப்படி, அவ்வாறு சொல்ல வல்லது எதுவோ அது சொல்லும் அக்கணத்திலேயே உயர்திணை வினையைக் கைக்கொண்டுவிடுகிறது. நன்னூல் நெறிப்படி, கல்லும் மரமும் கவிதையில் ‘நான்’ என்று பேசுவதைப் போலவே அதுவும் பேசிவிட்டுப் போகலாம். அதனால் அதன் தகுதி உயராது. நாவலாசிரியர்கள் தம்மை அறியாமலே இவ்விரு பக்கங்களில் ஒன்றைச் சார்ந்து நிற்கின்றனர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுஜாதா எப்பக்கம்? தலைப்பில் அவர் தொல்காப்பியரின் பக்கம். கதைசொல்லலில் நன்னூலாரின் பக்கம். ஜீனோ தன்னை ‘நான்’ என்று கூறிக்கொண்டு கூர்மையாகப் பேசுகிறது, புத்தகங்கள் படிக்கிறது, கதைசொல்லியோ அதனைப் பெரும்பாலும் அஃறிணையிலேயே குறிக்கிறார். இயந்திரத்துக்கு மனித வடிவம் தராமல் நாயின் வடிவம் தந்தது ஆசிரியரின் திறமைக்குச் சான்று. நாய் இயல்பாகவே அஃறிணை. ஆகவே ‘என்றது’ என்று எழுதும்போது வாசகருக்கு உறுத்தல் எழுவதில்லை. உறுத்தல் மெல்ல மெல்ல, ஜீனோவின் பேச்சு வளர வளரத்தான் எழுகிறது. ‘மீண்டும் ஜீனோ’வைப் படித்து முடிக்கும்போது ‘அது’ என்னும் சுட்டு நமக்கே கூசுகிறது. மனித வடிவில் இயந்திரத்தைப் படைத்து முதற்பக்கத்திலேயே ‘அவன்’ என்று தொடங்கிவிடும் கதைகள் இந்த வளர்ச்சியை இழந்துவிடுகின்றன.

தமிழில் ‘அது’ என்பது எப்போதும் இழிவுக் குறிப்பன்று என்பதையும் மறத்தல் கூடாது. குழந்தை அழுதது என்கிறோம். அங்கே அஃறிணை முடிபு பரிவைக் காட்டுகிறது. மறுதலையாக, உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் திணை மயங்குவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. தன் பசுவைத் தாயாகக் கருதிப் பெண்பாலில் கூறுவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். ஜீனோவை ‘இயந்திரா’ என்று விளிப்பது உவப்பினால் வந்த வழுவமைதியே என்று ஒரு மரபிலக்கண ஆசிரியர் அமைதி கூறிவிடக்கூடும். எனக்கு அந்த அமைதியில் நிறைவில்லை. வழுவமைதி என்றால் வழு முதலில் இருக்கவேண்டும். இங்கே வழு இருக்கிறதா என்பதே கேள்வி.

மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிய முறையும் நினைவுக்கு வருகிறது. அவ்வடுக்கில் ஆறாவதாகிய மனம், முன்னைய ஐந்தும் அமைந்த பின்னரே வருவது. புனைகதை இயந்திரத்துக்கோ ஊறும் சுவையும் இல்லை. ஆறாவது மட்டும் உண்டு. அடுக்கின் அடித்தளம் இன்றி மேல்தளம் மட்டும் நிற்கும் இப்படியோர் உயிர்வகைக்குப் பழைய பட்டியலில் இடமில்லை.

3.

இக்கருத்துகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் எனக்கு அன்றாடச் சிக்கலாக மாறியதற்கு நான் வாழும் ஊரும் ஒரு காரணம். சூளூர்பேட்டை சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தெலுங்கு ஊர். முன்னர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் திருப்பதி மாவட்டத்தோடு இணைந்தது. சென்னையிலிருந்து வரும் புறநகர் மின்வண்டியில் தமிழும் வருகிறது. ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்து செல்லும் சாலை ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குப் போகிறது. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. 1979இல் தோல்வியுற்ற எஸ்.எல்.வி-3, 1980 ஜூலை 18ஆம் நாள் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

தெலுங்கின் திணைப் பாகுபாடு தமிழினின்றும் வேறானது என்பதை மொழியியலார் அறிவர். தெலுங்கில் ஒருமையில் ஆண்மகன் ஒருவனுக்கு ஒரு முடிபு. பெண்ணுக்கும் விலங்குக்கும் பொருளுக்கும் இன்னொரு முடிபு. ‘வச்சாடு’ என்றால் வந்தான். ‘வச்சிந்தி’ என்றால் வந்தாள் என்றும் ஆகும், வந்தது என்றும் ஆகும். பன்மையிலோ பெண்கள் மாந்தரோடு சேர்ந்துவிடுவர்: மக்களுக்கு ‘வச்சாரு’, ஏனையவற்றுக்கு ‘வச்சாயி’. மூலத் திராவிடத்தில் இருந்தது தெலுங்கு முறையா, தமிழ் முறையா என்பது அறிஞரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்தது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி ஒருமையில் ஆண்பால், ஆண்பால் அல்லாதது என்னும் பாகுபாடே பழையது எனக் கொண்டார்.

புனைகதைக்கு இதனால் விளைவது யாது? பெண் வடிவ இயந்திரம் ஒன்றைத் தெலுங்குக் கதைசொல்லி ‘வச்சிந்தி’ என்று பல பக்கங்களுக்கு எழுதிச் செல்லலாம். அது பெண்ணா, பொறியா என்பதை வாசகர் கண்டறிய முடியாமல் வைத்திருக்கலாம். அக்கதையைத் தமிழாக்குபவர் முதல் வினைமுற்றிலேயே மர்மத்தை அவிழ்க்க நேரிடும். ஆண் வடிவ இயந்திரமாயின் தெலுங்குக்கும் இந்த வசதி இல்லை. மொழி தரும் ஒளிவிடம் பாலுக்கேற்ப மாறுகிறது. இதனை எந்த மொழிபெயர்ப்புக் கையேடும் சொல்வதில்லை.

தமிழ்ப் பேச்சுவழக்கு இவ்விடத்தில் கைகொடுக்கக்கூடும். வட தமிழகத்திலும் வேறு சில வட்டாரங்களிலும் ‘அக்கா வந்துச்சு’, ‘அம்மா சொல்லுச்சு’ என்று பெண்பாலுக்கு அஃறிணை முடிபு இயல்பாக வழங்குகிறது. அதில் அன்பும் நெருக்கமும் உண்டு. அவ்வழக்கில் கதைசொல்லியை அமர்த்தினால் தெலுங்கு மூலத்தின் மயக்கம் தமிழிலும் நிற்கும். ஆனால் அறிவியல் புனைகதை எழுதும் நம்மவர் கதைசொல்லிக்கு வட்டாரப் பேச்சைத் தர மனம் கொள்வதில்லை. எதிர்காலம் என்பது படித்தவர் பேசும் பொதுத்தமிழில்தான் நடக்கும் என்று ஏனோ எண்ணிக்கொண்டுவிட்டனர். ராக்கெட் எழும்பும் நாளில் இவ்வூர்க் கடைத்தெருவில் நின்று கேட்டால் எதிர்காலம் எத்தனை வழக்குகளில் பேசப்படுகிறது என்பது தெரியும்.

அண்டை வீட்டுத் தெலுங்குச் சிறுவன் ஒருவனுக்கு ஜீனோவின் கதையைத் தமிழில் சொன்னபோது, நான் ‘அது’ என்று சொல்லச் சொல்ல, அவன் தன் தாயிடம் திரும்பித் தெலுங்கில் ‘வாடு’ என்றே எடுத்துரைத்தான். தெலுங்கில் நாயும் இயந்திரமும் ‘அதி’ என்றே சுட்டப்படுபவை. யார் சொல்லிக்கொடுத்து அவன் திணையை மாற்றினான் என்று நான் கேட்கவில்லை.

4.

சுஜாதாவின் நாவல் காட்டும் அரசில் குடிமக்களின் பெயர்கள் இரண்டு எழுத்துக்குள் அடங்கவேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ. ஆட்சித் தலைவர் ஜீவா. இவ்விதியைப் படிப்போர் சர்வாதிகாரத்தின் அடையாளமாகக் கண்டு அப்பால் செல்வர். மொழிபெயர்ப்பாளர் அப்பால் செல்ல இயலாது. ‘இரண்டு எழுத்து’ என்பது உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணும் எழுத்துமுறையில் மட்டுமே பொருள்படும். உரோமன் எழுத்தில் நிலா நான்கெழுத்து, ரவியும் நான்கெழுத்து. இந்தியா முழுமைக்கும் சட்டமிடும் அந்தக் கற்பனை அரசு தமிழ் நெடுங்கணக்கில் சிந்திக்கிறது! தெலுங்கில் பெயர்ப்பவர் விதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இரண்டை நான்காக்குவதா, ‘இரண்டு அசை’ என்று விளக்குவதா என்று தடுமாறுவார். அசை என்றாலும் சிக்கல் தீராது.

ஏன் தீராது என்பதற்கு யாப்பிலக்கணம் விடை தருகிறது. நிலா, சிபி, ரவி, மனோ ஆகிய நான்கும் குறில் முதலாகி இணைந்து நிற்பதால் தமிழ் யாப்பில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு நிரையசை. ஜீவா, ஜீனோ ஆகிய இரண்டும் நெடில் நெடிலாக வந்து நேர்நேர் ஆகின்றன. ஜீவா மனிதனல்லன், ஒளியால் உண்டாக்கப்பட்ட தோற்றம் என்பது கதையின் போக்கில் தெரியவருகிறது. ஜீனோ இயந்திரம். ஆக, மேற்கூறிய பெயர்களுள் மனிதருக்குரியவை நிரை, மனிதரல்லாதவற்றுக்குரியவை நேர்நேர், அவ்விரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஆசிரியர் இதனை எண்ணிச் செய்தார் என்று நான் வாதிடவில்லை. செவி எண்ணாமலே செய்யும் வேலைகள் உண்டு. எண்ணிச் செய்யாதது என்பதற்காக மொழிபெயர்ப்பாளர் அதனைப் புறக்கணிக்கலாகாது.

கதை நிகழும் காலமாகிய 2020களின் தொடக்கம் கடந்துபோய்விட்டது. அதனைக் கொண்டு எது பலித்தது, எது பொய்த்தது என்று பட்டியலிடுவோர் பலர். அவ்வேலை சோதிடருக்குரியது.

சுஜாதாவின் ‘திமலா’ என்னும் சிறுகதை இம்மாவட்டத்துக்கு நெருக்கமானது. வருங்காலத்தில் நிகழும் அக்கதையின் தலைப்பு, திருமலை என்னும் பெயர் தேய்ந்த வடிவம். ஒரு சொல்லின் தேய்வையே கதையின் முடிச்சாக்கியதில் அவருடைய கூர்மை தெரிகிறது. தமிழ் அறிவியல் புனைகதைகளுள் மொழிமாற்றத்தையே பொருளாகக் கொண்ட மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று என்பதால் நான் இதனை அவருடைய நீண்ட நாவல்களுக்கும் மேலாக வைக்கிறேன். ஆயினும் மொழியியலாளர் ஒருவர் இரண்டு செய்திகளைச் சுட்டாமல் இருத்தல் அரிது. ஒன்று: ஆகார ஈறு கொண்ட ‘திமலா’ தமிழ்த் ‘திருமலை’யிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை, தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் ‘திருமலா’விலிருந்தே வந்திருக்கவேண்டும். அதாவது கதையின் வருங்காலத்தில் தமிழர் அவ்வூரின் தமிழ்ப்பெயரை முன்னரே கைவிட்டிருக்கின்றனர். கதை சொல்லாமல் சொல்லும் இழப்பு இது. இரண்டு: இவ்வகைத் தேய்வு வருங்காலத்துக்குக் காத்திருக்கவில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் திம்மன், திம்மப்பன் முதலிய பெயர்கள் திருமலை என்பதன் திரிபே என்று கருதப்படுகிறது. இடையுயிர் கெட்டு ரகரமும் மகரமும் சேர்ந்து மகரம் இரட்டித்தது வரலாறு. புனைகதை ஆசிரியர் மகரத்தை இரட்டிக்காமல் விட்டார். வரலாறு அவரைக் காட்டிலும் ஒலியியலில் தேர்ந்திருக்கிறது, அவ்வளவே.

5.

பிறமொழி நூல்களுள் திணை நோக்கில் மூன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். அசிமோவின் ‘ஐ, ரோபாட்’ (1950) தொகுப்பின் முதற்கதையில் ஒரு சிறுமியும் அவளுடைய இயந்திரத் தோழன் ராபியும் வருகின்றனர். தாய் அதனை இயந்திரம் என்கிறாள்; சிறுமி ஏற்க மறுக்கிறாள். ஆங்கிலச் சுட்டுப்பெயர்களின் மோதல் தமிழில் அவன், அது என்று அப்படியே அமைந்துவிடும். ஆனால் ஆங்கிலக் கதைசொல்லி நடுவே நிற்க முடிவதைப்போலத் தமிழ்க் கதைசொல்லி நிற்க முடியாது. எனினும் முற்றிலும் வழியற்றவரும் அல்லர். வினையெச்சம், பெயரெச்சம் ஆகியவற்றுக்குத் திணை இல்லை. ‘வரவில்லை’ என்னும் எதிர்மறைக்கும் இல்லை. வேண்டும், கூடாது, முடியும் ஆகியவற்றுக்கும் இல்லை. 1942இல் அசிமோவ் வகுத்த மூன்று விதிகளும் கட்டளையும் தடையுமாக அமைந்தவை. ஆகவே அவற்றை எத்திணையும் சாராமல் தமிழில் சொல்லிவிடலாம். சட்டமொழி தப்பிவிடுகிறது; கதைமொழி அகப்பட்டுக்கொள்கிறது.

செய்யும் என்னும் முற்றைப் பற்றியும் இங்குக் கூறவேண்டும். பழைய இலக்கணப்படி அது ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், பலவின்பால் ஆகிய நான்கற்கும் பொது. பலர்பாலுக்கும் தன்மை முன்னிலைகளுக்கும் மட்டும் உரியதன்று. அவன் வரும், அவள் வரும், அது வரும். இன்றைய எழுத்துவழக்கில் அது அஃறிணைக்கே ஒதுங்கிவிட்டது. நிகழ்வையும் எதிர்வையும் கூறிய ஒரு வடிவத்தில் மனிதரும் பொருளும் பிரிக்கப்படாமல் நின்றனர் என்பதை அறிவியல் புனைகதை எழுதுவோர் எவரேனும் பயன்படுத்தியிருக்கலாம். செவ்வியல் நடையில் ஓர் எதிர்காலக் கதை எழுதப்பட்டால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

உர்சுலா லெ க்வினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ (1969) காட்டும் கோளில் நிலையான ஆண், பெண் வேறுபாடு இல்லை. எனினும் ஆசிரியர் ஆங்கிலத்தின் ஆண்பாற் சுட்டையே ஆண்டார். 1976இல் ஒரு கட்டுரையில் அதற்கு அமைதி கூறினார். பின்னர் 1980களில் அக்கட்டுரைக்குத் தாமே மறுப்புக் குறிப்புகள் சேர்த்தார். தமிழுக்கு ‘அவர்’ இருக்கிறது. எனவே இந்நாவலைத் தமிழில் பெயர்ப்பது எளிது என்று நண்பர் பலர் கூறுவர். நான் இதற்கு நேர்மாறான கருத்துடையேன். ‘அவர்’ என்று எழுதினால் சிக்கல் தீர்வதில்லை, மறைந்துவிடுகிறது. கதையைச் சொல்லும் புவித் தூதன் தான் காண்பவர் அனைவரையும் ஆணாகவே காண்கிறான். அக்குருட்டுத்தன்மைதான் நாவலின் உயிர். அரசன் கருவுற்றான் என்னும் செய்தியில் வாசகர் அடையும் அதிர்ச்சி ‘அரசர்’ என்றதும் பாதியாகக் குறைந்துவிடும். மரியாதைப் பன்மை தமிழ் வாசகரைத் தாலாட்டித் தூங்கவைத்துவிடும். ஆகவே பிடிவாதமாக ‘அவன்’ என்றே பெயர்க்கவேண்டும் என்பது என் முடிபு. மேலும் ‘அவர்’ பால் காட்டாதே தவிர, தகுதி காட்டும். சிறுவருக்கும் ஏவலருக்கும் அதனை வழங்கினால் அக்கோளில் அனைவரும் சான்றோர் என்னும் தவறான குறிப்புத் தோன்றும்.

ஆன் லெக்கியின் ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ (2013) எல்லோரையும் பெண்பாற் சுட்டால் குறிக்கிறது. தமிழில் படைத்தலைவரையும் ‘அவள்’ என்றால் பாலினத்தைக் காட்டிலும் மரியாதைக்குறைவே முதலில் உறைக்கும். பல உடல்களில் ஒரே அறிவாக இயங்கிய கப்பல் ஒன்றுதான் அங்குக் கதைசொல்லி. அது தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ளும்? ‘நாங்கள்’ என்றால் கேட்பவரை நீக்கிய பலர். ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்ந்துவிடுவார். ‘நான்’ என்றால் ஓருடல். இம்மூன்றில் எதுவும் பொருந்தாத ஓரிடத்தைக் கற்பனை செய்ததே இந்நூலின் பெருமை. மற்றபடி அதன் பேரரசுச் சூழ்ச்சிகள் எனக்குச் சலிப்பையே தந்தன.

6.

தமிழில் அறிவியல் புனைகதைக்குப் பழைய வேர் தேடுவோர் பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்கச் செய்யப்பட்ட எந்திர யானையையும், சீவகசிந்தாமணியில் விசயை ஏறிச்சென்ற மயிற்பொறியையும் காட்டுவர். இவற்றை முன்னோடி என்று சொல்லுதல் ஆர்வமிகுதி. அந்த யானை வீரரை மறைத்துவைக்கும் கூடு. அந்த மயில் ஊர்தி. இரண்டும் ‘நான்’ என்று சொல்வதில்லை. அவற்றின் திணையைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. எந்திரம், பொறி என்னும் சொற்களை நமக்குக் காத்துக்கொடுத்தன என்பதே அவற்றின் உதவி.

ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு வேறு திசையில் செல்கிறது. சித்த மருத்துவம், இரசவாதம் முதலிய உள்ளூர் அறிவு மரபுகளை அறிவியலோடு மோதவிட்டு எழுதப்பட்ட கதைகள் அதில் உள்ளன. வானத்துக்குச் சங்க இலக்கியச் சொல்லைத் தலைப்பாக இட்டதே ஒரு நிலைப்பாடு. சுஜாதா வருங்காலத்துக்கு ஆங்கிலச் சொல்லைத் தயங்காமல் எடுத்தாண்டார். ஜெயமோகன் பழஞ்சொல்லை எடுத்தார். கருத்தளவில் பின்னையவர் ஆழமானவர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய மாந்தர் கருதுகோளை விளக்கத் தொடங்கினால் வகுப்பறையில் அமர்ந்திருப்பது போன்ற உணர்வு ஏற்படுகிறது. சுஜாதாவின் மாந்தர் விளக்குவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகின்றனர்.

இவ்விருவரிடமும், நான் படித்த ஏனையோரிடமும், காணாத ஒன்று உண்டு. ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் ஏவுதளம் வருவதற்கு முன்பிருந்தே யானாதி மக்கள் வாழ்ந்துவந்தனர். காட்டையும் ஏரியையும் நம்பிய வாழ்வு அவர்களுடையது. விண்வெளியைப் பற்றிய தமிழ்க் கதைகளில் ஏவுதளம் வருகிறது, அவர்கள் வருவதில்லை. நன்னூல் கூறும் ஐந்து காரணங்களுள் இறுதியான இழிப்பு, மக்களையும் அஃறிணையாக்கும். எளியவரை ‘அது’, ‘இது’ என்று சுட்டும் வழக்கு ஏட்டில் மட்டும் இருந்ததன்று. இயந்திரத்துக்கு உயர்திணை தரலாமா என்று கேட்கும் புனைகதை, மனிதருக்கு அது எப்போதெல்லாம் மறுக்கப்பட்டது என்பதையும் கேட்டிருக்கவேண்டும். காபெக் 1920இல் எழுதிய நாடகத்தில் ‘ரோபோ’ என்னும் சொல் கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்துதான் பிறந்தது.

7.

இவையெல்லாம் கதைப்புத்தகச் சிக்கல்கள் என்று ஒதுக்க இயலாத காலம் வந்துவிட்டது. 2020 ஜனவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பெங்களூரில் வியோமித்ரா என்னும் பெண் வடிவ இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அதனைத் தமிழ்ச் செய்தியில் எழுதுபவர் ‘பேசினாள்’ என்று எழுதவேண்டுமா, ‘பேசியது’ என்று எழுதவேண்டுமா? தெலுங்கு நாளிதழுக்கு இத்தொல்லை இல்லை. ஒரே வடிவம் இரண்டையும் மூடிக்கொள்கிறது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 தான் வந்து சேர்ந்ததாகத் தன்மையில் பேசுவதுபோல் அந்நிறுவனம் செய்தி வெளியிட்டது. தமிழில் ‘வந்து சேர்ந்தேன்’ என்றால் தொல்காப்பியரும் நன்னூலாரும் அதற்கு வெவ்வேறு விடை தருவர்.

கேள்விக்கு விடையளிக்கும் கணிப்பொறி நிரல்கள் இப்போது தமிழில் தம்மை ‘நான்’ என்றே கூறிக்கொள்கின்றன. அவற்றைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பேசும்போது மாணவர் சிலர் ‘அது சொல்லுச்சு’ என்கின்றனர். சிலர் ‘அவன் சொல்லிட்டான்’ என்கின்றனர். ‘அவர்’ என்றவரை இன்னும் கேட்கவில்லை. நம் அகராதிகள் பெயர்ச்சொல்லுக்குத் திணைக்குறிப்புத் தருவதில்லை. பொருளைச் சொன்னாலே திணை விளங்கும் என்பது அவற்றின் துணிபு. ‘ரோபோ’ என்னும் பதிவில் அத்துணிபு இனிச் செல்லாது. அப்பதிவின்கீழ் வினைமுடிபு காட்டும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் இரண்டேனும், ஒன்று உயர்திணையிலும் ஒன்று அஃறிணையிலும், அடுத்த பதிப்பிலேயே சேர்க்கப்படவேண்டும். உயர்திணைக்கான எடுத்துக்காட்டைத் தேட வேண்டிய இடம் அறிவியல் புனைகதைதான்.